கேபிளை ‘கட்’ பண்ணலாமா பாஸ்?

உங்க வீட்டு டி.வி-யை நீங்க கடைசியா எப்போ ஆன் பண்ணீங்க? கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க. மேட்ச்னா மொபைல்ல, படம்னா லேப்டாப்ல, பாட்டுன்னா காதுல... ஹால்ல இருக்கிற அந்தப் பெரிய பெட்டி பக்கம் நாம ஒதுங்குறதே சாப்பாட்டுத் தட்டோட உட்கார்றதுக்குத்தான். இந்த லட்சணத்துல மாசா மாசம் கேபிளுக்கு எதுக்குக் காசுன்னு ஒரு நாள் வீட்ல பேச்சு வரும். பேச்சை ஆரம்பிச்சு வைக்கிறதும் பெரும்பாலும் நாமதான். ‘அப்பா, வைஃபைதான் இருக்கே... ஆப்லயே சேனல் எல்லாம் லைவா வருது. கேபிளை கட் பண்ணிடலாம்!’

அப்பா உடனே தலையாட்டிடுவார். ஒரு பில் குறைஞ்சா எந்த அப்பாவுக்குத்தான் கசக்கும்? ஆனா, போன் எடுத்து கேபிள்காரர்கிட்ட ‘அண்ணே, இந்த மாசத்தோட நிறுத்திடுங்க’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பார்க்கணும். ராத்திரி எட்டு மணிக்கு ரிமோட் யார் கையில இருக்குங்கறது இல்ல. அதுக்குத்தான் தினமும் சண்டை நடக்குதே! பகல் பதினோரு மணிக்கு, நாம காலேஜ்லயும் அப்பா ஆபீஸ்லயும் இருக்கும்போது, அந்த ரிமோட் யார் கையில இருக்கு? அந்த ஆளை விட்டுட்டுத்தான் எல்லாரும் கணக்குப் போடுறாங்க.

சரி, முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டி.வி. ஆரம்பிச்ச காலத்துல கேபிள்னா என்ன தெரியுமா? மொட்டைமாடியில ஒரு பெரிய டிஷ். கீழே ஒரு சின்ன ரூம்ல நாலஞ்சு பெட்டி. அங்கேயிருந்து மின்கம்பம், வேப்பமரம், மாடிக் கைப்பிடின்னு எது கிடைக்குதோ அதுல கட்டி இழுத்துட்டுப் போன கறுப்பு ஒயர். அவ்வளவுதான்! கேபிள் டி.வி-க்குன்னு நாட்டுல ஒரு சட்டமே 1995-லதான் வந்துச்சு. தொழில் முதல்ல, சட்டம் அப்புறம். 2003 செப்டம்பர் 1-ல சென்னையில ‘செட் டாப் பாக்ஸ் இருந்தாத்தான் கட்டணச் சேனல்’னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. நாலு பெருநகரத்துக்கும் போட்ட திட்டம் அது. அப்போ அதை நிஜமாவே அமல்படுத்தினது சென்னை மட்டும்தான். 2006-ல இலவச கலர் டி.வி., 2007-ல அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2011-ல அதுக்கு மறுபடி உயிர் கொடுத்து மாசம் 70 ரூபாய்... கேபிள் நம்ம ஊர்ல வெறும் ஒயர் இல்ல பாஸ், அரசியலும்கூட!

அடுத்த திருப்பம் 2019 பிப்ரவரி 1. ‘பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்க’ன்னு டிராய் புது விதியை அமலுக்குக் கொண்டு வந்துச்சு. முதல் 100 சேனலுக்கான இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் சேர்த்தா 153 ரூபாய் 40 பைசா. அதுக்கு மேல ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை. சன் டி.வி. 19 ரூபாய், கே டி.வி. 19 ரூபாய்னு மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி வந்து விழுந்துச்சு. எந்தச் சேனலுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்னு நிறைய வீடுகள்ல அப்போதான் முதல்முறையா தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024-ல டிராய் எடுத்துடுச்சு. அதனால, உங்க ஏரியாவுல இப்போ என்ன ரேட்டுன்னு உங்க கேபிள்காரர் சொன்னாத்தான் உண்டு.

இன்னொரு பக்கம், 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டாவை அள்ளி வீசுச்சு. 2022-ல நடந்த ஐ.பி.எல். ஏலம் ஞாபகம் இருக்கா? இந்தியாவுக்கான டி.வி. உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போச்சு. டிஜிட்டல் உரிமை 23,758 கோடி! டி.வி-யைவிட மொபைல் ஸ்க்ரீனுக்கு மவுசு அதிகம்னு அன்னிக்கு ஏலக் கணக்கே சொல்லிடுச்சு.

கால்குலேட்டரை எடுங்க!

ஆப்புக்கு மாறினா காசு மிச்சமாகுமா? ‘ஆமாம்’னும் சொல்லலாம், ‘இல்லை’ன்னும் சொல்லலாம். எல்லாம் உங்க வீட்ல ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்தது.

இல்லாத வீடுன்னு வைங்க. 399 ரூபாய் பிளான் ஒண்ணு போடுறீங்க. 18 சதவிகிதம் வரி சேர்த்தா 470 ரூபாய் 82 பைசா. இது வெறும் ரோடு போட்ட காசு. வண்டி இன்னும் வாங்கலை! சன் குடும்பத்துச் சேனல்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டி.வி-க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5-ன்னு ஆளுக்கொரு ஆப். ஒவ்வொண்ணுக்கும் தனிச் சந்தா. கேபிளுக்கு 250 ரூபாய் கட்டிட்டு இருந்த வீடு, ‘மிச்சம் பிடிக்கிறேன்’னு கிளம்பி ரெண்டு மடங்குக்கு மேல கட்ட வேண்டி வரும். சில ஆப்ல சேனலே அப்படியே லைவா ஓடும், சிலதுல சீரியல் எபிசோடு மட்டும்தான் இருக்கும். இதையும் சந்தா கட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துக்கங்க.

ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கிற வீடுன்னா கதை வேற. ஆன்லைன் கிளாஸுக்கோ, அக்காவோட ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ வேலைக்கோ போட்ட இணைப்பு சும்மா கிடக்குது. அதுல டி.வி-யையும் ஓட்டினா கூடுதல் செலவு ஆப் சந்தா மட்டும்தான். ‘டேட்டா தீர்ந்துடுமோ’ன்னு பயம் வேண்டாம். ஹெச்.டி-யில ஒரு சேனல் ஓட 5 எம்.பி.பி.எஸ். போதும். அதை எட்டால வகுத்து, 3,600 விநாடியால பெருக்குங்க... ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜி.பி. பல பிராட்பேண்ட் பிளான்கள்ல மாசத்துக்கு 3,300 ஜி.பி. வரைக்கும் முழு வேகம் கிடைக்கும். ஒரு மாசத்துக்கு 720 மணி நேரம். அதாவது, ரெண்டு டி.வி-யை 24 மணி நேரமும் அணைக்காம ஓட்டினாலும் 3,240 ஜி.பி-தான். மாமியார் ஒரு டி.வி., மருமகள் ஒரு டி.வி-ன்னு ஓட்டினாலும் 60 ஜி.பி. மிச்சம்! ஆனா இதே வேலையை மொபைல் டேட்டாவுல ஹாட்ஸ்பாட் போட்டுச் செய்யலாம்னு மட்டும் நினைக்காதீங்க. தினசரி 2 ஜி.பி. ஒரு மணி நேர ஹெச்.டி-க்கே பத்தாது.

நியூஸ் மட்டும் போதும்ங்கற வீடா? உங்களுக்கு லாட்டரி. தமிழ் நியூஸ் சேனல்கள் பல யூடியூப்ல 24 மணி நேரமும் லைவ், சந்தா கிடையாது. பொதிகையா இருந்து 2024 ஜனவரியில ‘டிடி தமிழ்’னு பேர் மாறின நம்ம தூர்தர்ஷன், 2024 நவம்பர்ல பிரசார் பாரதி கொண்டு வந்த ‘வேவ்ஸ்’ ஆப்ல கிடைக்குது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல இருக்கிற விலை அப்படியே இருக்கும்னு நம்பிடாதீங்க. அமெரிக்காவுல இந்தக் கேபிள் வெட்டுற கூத்து நமக்கு முன்னாடியே நடந்துடுச்சு. அங்கே ‘கார்டு கட்டிங்’னு அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. 2015-ல ‘ஸ்லிங் டி.வி.’ மாசம் 20 டாலர்னு வந்தப்போ கேபிள் கம்பெனிகள் ஆடிப்போச்சு. 2017-ல ‘யூடியூப் டி.வி.’ 35 டாலர்ல ஆரம்பிச்சது. 2025 ஜனவரியில அதே யூடியூப் டி.வி-யோட விலை 82 டாலர் 99 சென்ட்! கேபிள் பில்லுக்குப் பயந்து ஓடி வந்தவங்க, கிட்டத்தட்ட அதே பில்லுக்கே வந்து நின்னுட்டாங்க. நம்ம ஊர்லயும் 2023, 2024 ஐ.பி.எல்-லை ஜியோசினிமா இலவசமா காட்டுச்சு. 2025 பிப்ரவரியில ரெண்டு ஆப் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும், சீசன் முழுக்கப் பார்க்கணும்னா சந்தா, இல்லேன்னா அதோட சேர்ந்த ரீசார்ஜ்னு ஆயிடுச்சு.

‘லைவ்’னா எவ்வளவு லைவ்?

இப்போ கொஞ்சம் இன்ஜினீயரிங். பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு எல்லாம் இல்ல.

கேபிள்ங்கறது ஊர்ல மைக் செட் கட்டுற மாதிரி. ஒருத்தர் பேசுவார், ஊரே கேட்கும். கேட்கிறவங்க பத்துப் பேரா, பத்தாயிரம் பேராங்கறது மைக் செட்டுக்குக் கவலையே இல்ல. எல்லாச் சேனலும் எப்பவும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேதான் இருக்கும். டிஜிட்டல் கேபிள்ல 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு ‘சந்து’ல 38 எம்.பி.பி.எஸ். வரைக்கும் அனுப்பலாம், பத்து சாதாரணச் சேனல் அதுல அடங்கிடும். உங்க பெட்டி, நீங்க அமுக்கின நம்பருக்கான சந்தை மட்டும் திறந்து பார்க்குது. அதனாலதான் சேனல் டக்குனு மாறுது.

ஸ்ட்ரீமிங் அப்படி இல்ல. அது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன் பண்ணிச் சொல்ற மாதிரி. நீங்க கேட்டாத்தான் வரும். கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை ஃபைனல் அன்னிக்கு டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டார்ல ஒரே சமயத்துல 5.9 கோடி பேர் பார்த்தாங்க. ஆளுக்கு 2 எம்.பி.பி.எஸ்-னு ஒரு பேச்சுக்கு வெச்சாலும் விநாடிக்கு 118 டெராபிட்! இதை ஒரே இடத்துல இருந்து அனுப்ப முடியாதுன்னுதான் ஊர் ஊருக்கு சர்வர் வெச்சு, பக்கத்து சர்வர்ல இருந்து உங்களுக்கு ஊத்துறாங்க. (மேட்ச்ல நாம தோத்ததுக்கு சர்வர் பொறுப்பில்லை.)

இதுல ஒரு சிக்கல். வீடியோவை அப்படியே ஓடவிட மாட்டாங்க. துண்டு துண்டா நறுக்குவாங்க. ஒரு துண்டுக்கு ஆறு விநாடிங்கறது பழக்கத்துல இருக்கிற அளவு. உங்க ஆப் ரெண்டு மூணு துண்டை முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் ஓட்ட ஆரம்பிக்கும். நெட் நடுவுல திக்கினா சமாளிக்கிறதுக்கு அந்தக் கையிருப்பு. மூணு துண்டுன்னா அதுலயே 18 விநாடி போச்சு. நறுக்குற நேரம், அனுப்புற நேரம் எல்லாம் சேர்த்தா 30 விநாடி கிட்டே வந்துடும். கேபிள்லயும் தாமதம் இருக்கு, ஆனா கம்மி. 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற சாட்டிலைட்டுக்கு ஏறி இறங்க கால் விநாடிதான். மத்த வேலையெல்லாம் சேர்த்தாலும் சில விநாடி.

30 விநாடின்னா சும்மா இல்ல பாஸ். சேப்பாக்கத்துல மேட்ச் நடக்குதுன்னு வைங்க. சத்தம் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 3 விநாடி. திருவல்லிக்கேணி மொட்டைமாடியில உட்கார்ந்து மொபைல்ல பார்த்துட்டு இருக்கிறவருக்கு, ஸ்டேடியத்துல கிளம்பின ‘ஓ...’ங்கற கூச்சல் முதல்ல வரும். பௌலர் ஓடி வர்றது அப்புறம்தான் தெரியும்! சிக்ஸா, அவுட்டாங்கற சஸ்பென்ஸை சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். உங்க தெருவுலயும் இதேதான். எதிர்வீட்டுல கேபிள், உங்க வீட்ல ஆப்னா, எதிர்வீட்டுப் பையன் உங்களுக்கு ஜோசியக்காரன் ஆயிடுவான். தாமதத்தைக் குறைக்கிற தொழில்நுட்பம் வந்துடுச்சு. ஆனா எல்லா ஆப்பும் எல்லா நேரமும் அதைப் பயன்படுத்துறது இல்ல.

மைக் செட், போன் கால்... ரெண்டையும் சேர்த்த மூணாவது வழியும் ஒண்ணு இருக்கு. பிராட்பேண்ட் கம்பெனியே தன்னோட சொந்த ஃபைபர்ல சேனல்களை அனுப்புறது. ஒரு சேனலுக்கு ஒரே காப்பி. உங்க தெரு வரைக்கும் அது ஒண்ணா வந்து, அங்கே பிரியும். பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபர்ல தமிழ்நாட்டுலயும் மத்தியப் பிரதேசத்துலயும் இதை ஆரம்பிச்சது. உங்க டேட்டா அளவுல இது கை வைக்காதுங்கறது இதுல ஒரு ப்ளஸ்.

பகல் பதினோரு மணி ஆள்

இப்போ முக்கியமான மேட்டருக்கு வருவோம்.

எங்க பாட்டிக்கு சேனல் பேர் எல்லாம் முக்கியம் இல்ல, நம்பர்தான் தெரியும். கண்ணாடி போடாமலே, ரிமோட்டைக் குனிஞ்சு பார்க்காமலே மூணு பட்டனை அமுக்கி பழைய பாட்டு வர்ற சேனலுக்குப் போயிடுவாங்க. மதியம் சாப்பிட்டதும் வேற மூணு பட்டன், கே டி.வி. படம். படத்தைப் பார்க்கிறாங்களான்னு கேட்டா, பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க. ‘அதான் தூங்குறியே, அமத்தட்டுமா?’ன்னு கேட்டா, ‘இல்லடா... ஓடட்டும், ஆள் இருக்கிற மாதிரி இருக்கு’ன்னு பதில் வரும்.

இந்த ‘ஓடட்டும்’ங்கற ஒரு வார்த்தைதான் கேபிளுக்கும் ஆப்புக்கும் உள்ள வித்தியாசமே. கேபிள் தானா வரும். ஆப் கேட்கும். உள்ளே நுழையும்போதே ‘யார் பார்க்கிறீங்க?’ன்னு கேட்கும். ‘என்ன பார்க்கப் போறீங்க?’ன்னு முப்பது போஸ்டரை நீட்டும். ஒரு நாள் திடீர்னு வெளியே தள்ளிட்டு மொபைல் நம்பரைக் கேட்கும். ஓ.டி.பி. அப்பாவோட போனுக்குப் போகும். அப்பா மீட்டிங்ல இருப்பார். கொஞ்ச நேரம் ரிமோட்டைத் தொடலைன்னா சில ஆப் ‘இன்னும் பார்த்துட்டு இருக்கீங்களா?’ன்னு கேட்டுட்டு நின்னுடும். தூக்கத்துல இருக்கிற பாட்டி அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

எங்க வீட்ல கேபிளையும் ஆப்பையும் ஒரு மாசம் சேர்த்தே வெச்சுப் பார்த்தோம். ஒரு நாள் மதியம் பாட்டி எனக்கு போன் பண்ணாங்க. நான் லேப்ல இருந்தேன். ‘ஏன்டா, டி.வி-யில என்னவோ எழுதியிருக்குடா... இங்கிலீஷ்ல’ன்னாங்க. ‘என்ன எழுதியிருக்கு பாட்டி?’ன்னு கேட்டா, எழுத்து எழுத்தா படிக்கிறாங்க. சென்னையில இருக்கிற சித்தி பையன் அதே அக்கவுன்ட்டுல உள்ளே வந்திருக்கான். ‘ஒரே சமயத்துல இத்தனை பேருக்குத்தான் அனுமதி’ன்னு ஆப் பாட்டியை வெளியே அனுப்பிடுச்சு. அவன் வெளியே வர்ற வரைக்கும் அந்த மதியம் டி.வி. ஓடலை. பாட்டி அதைப் பெரிசா எடுத்துக்கலை. சாயங்காலம் நான் போனப்போ, ‘பரவாயில்லடா, உங்களுக்கு எது சௌகரியமோ அதையே வெச்சுக்கோங்க’ன்னாங்க.

அதுதான் எனக்கு உறுத்துச்சு. இத்தனை வருஷமா யாரையும் கேட்காம டி.வி. பார்த்தவங்க, இப்போ ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு. கூப்பிடக் கூச்சப்பட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. நாம அதைக் கவனிக்கவே மாட்டோம், ஏன்னா அந்த நேரத்துல நாம வீட்லயே இல்ல!

உடனே ‘ஆப் மோசம், கேபிள்தான் ஒசத்தி’ன்னு முடிவு கட்டிடாதீங்க. இதே வீட்ல எங்க அம்மாவுக்கு ஆப் வந்தது வரப்பிரசாதம். ஏழரை மணி சீரியலை அவங்க என்னிக்குமே உட்கார்ந்து முழுசா பார்த்தது கிடையாது. அடுப்படியில இருந்து வசனத்தை மட்டும் கேட்டுட்டு, முக்கியமான சீனுக்குக் கரண்டியோட ஓடி வந்து நிலைப்படியில நின்னு பார்ப்பாங்க. இப்போ எல்லா வேலையும் முடிஞ்சு பத்து மணிக்கு, காலை நீட்டி, நிறுத்தி நிதானமா பார்க்கிறாங்க. நடுவுல யாராவது கூப்பிட்டா ‘பாஸ்’ பட்டன். அம்மா ஒரு சீரியலை நிறுத்திவெச்சு எங்களைக் காத்திருக்க வைக்கிறதை நாங்க இப்போதான் பார்க்கிறோம்!

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. கேபிள் ஒருவழிப் பாதை. நீங்க என்ன பார்க்கிறீங்கன்னு கேபிள் ஒயருக்குத் தெரியாது. அதனாலதான் டி.ஆர்.பி. கணக்கெடுக்க சில வீடுகள்ல மட்டும் மீட்டர் வைக்கிறாங்க. ஆப்புக்கு எல்லாம் தெரியும். எந்த சீன்ல எழுந்து போனீங்க, எதை ரெண்டு தடவை பார்த்தீங்க, எத்தனை மணிக்குத் தூங்கினீங்க... கணக்கு அங்கே எழுதிட்டே இருக்கு.

கேபிள் அண்ணன் எங்கே போவார்?

இந்தக் கேள்வி உங்களுக்கு வரணும். வீடு வீடா வந்து, மாசம் போட்ட அட்டையில டிக் அடிச்சு, ‘தம்பி, போன மாசமும் பாக்கி’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரே, அவர். மழை அடிச்சு சிக்னல் போச்சுன்னா ஏணியைத் தூக்கிட்டு வர்றதும் அவர்தான். சுயதொழிலா, கடன் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவங்க நிறைய பேர். ஒரு வீடு கேபிளை நிறுத்தினா நமக்கு அது சேமிப்பு. அவரோட அட்டையில ஒரு வரி காலி.

ஆனா எங்க தெரு அண்ணன் நாம நினைக்கிறதைவிட உஷார். ஒரு காலத்துல இடுப்புல கட்டிங் பிளேயரும் இன்சுலேஷன் டேப்புமா சுத்தினவர், இப்போ தோள்ல ஃபைபர் ஒட்டுற மெஷின் பையோட வர்றார். தலைமுடி தடிமனுக்கு இருக்கிற கண்ணாடி இழையை, பைக் சீட்டு மேலயே வெச்சு ஒட்டிட்டுப் போயிட்டே இருக்கார். அதே கம்பம், அதே மொட்டைமாடி, ஒயர் மட்டும்தான் மாறியிருக்கு. பல ஊர்ல கேபிள்காரர்தான் பிராட்பேண்ட்காரரும்! நீங்க ‘கேபிள் வேண்டாம்’னு சொல்றதும் அவர்கிட்டதான், ‘நெட் வேணும்’னு கேட்கிறதும் அவர்கிட்டதான்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஒரே கண்ணாடி இழையில மூணு வண்ணத்துல ஒளி போகலாம். (நம்ம கண்ணுக்குத் தெரியாத வண்ணம்.) 1,490 நானோமீட்டர்ல இன்டர்நெட் உங்க வீட்டுக்கு வருது, 1,310-ல உங்க வீட்ல இருந்து போகுது, 1,550-ல கேபிள் டி.வி. வருது. ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிறதே இல்ல. அந்த மாதிரி பெட்டி வெச்சிருக்கிற ஏரியாவுல கேபிளும் நெட்டும் ஒரே இழையில வந்து, பெட்டியோட பின்பக்கம் ரெண்டு ஓட்டையில தனித்தனியா பிரியுது. அதாவது, ‘கேபிளா, ஸ்ட்ரீமிங்கா?’ன்னு நாம இங்கே பட்டிமன்றம் நடத்திட்டு இருக்கோம். ஒயர்ல ரெண்டும் ஒண்ணா ஜாலியா வந்துட்டு இருக்கு! அதனால வெட்டுறதுக்கு முன்னாடி, ‘அண்ணே, நெட்டும் கேபிளும் சேர்த்து எவ்வளவு?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தனித்தனியா வாங்குறதைவிடக் கம்மியா வர வாய்ப்பு இருக்கு.

மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

ஒரு வாரம் நோட்டு போடுங்க. டி.வி. பக்கத்துல ஒரு பேப்பரை ஒட்டி, யார் எந்தச் சேனல் எத்தனை மணிக்குப் பார்த்தாங்கன்னு எழுதச் சொல்லுங்க. இருநூறு சேனல் இருக்கிற வீட்ல ஓடுறது ஏழெட்டுத்தான்னு தெரிஞ்சிடும். அந்த ஏழெட்டும் எந்த ஆப்ல லைவா இருக்குன்னு மட்டும் தேடினாப் போதும். வருஷச் சந்தா மலிவா தெரியும். முதல்ல ஒரு மாசம் மட்டும் கட்டுங்க.

பழைய டி.வி-ன்னா ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கான்னு பின்னாடி எட்டிப் பாருங்க. இருந்தா ஒரு ஸ்டிக் சொருகி ஸ்மார்ட் டி.வி-யா மாத்திடலாம். இல்லாத குண்டு டி.வி-யை விட்டுடுங்க, அதுக்குக் கேபிள்தான் மரியாதை. ஸ்டிக் ரிமோட்ல இருக்கிற மைக் பட்டனைப் பாட்டிக்குக் காட்டிக் கொடுங்க. பேசினாலே தேடும். முதல் நாள் அதோட சண்டை போடுவாங்க, அப்புறம் அதையும் பேரனா தத்து எடுத்துப்பாங்க.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடா? டி.வி. மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருந்து பிரயோஜனம் இல்ல. ரவுட்டரையும் அதே லைன்ல மாட்டுங்க. இல்லேன்னா கரன்ட் போன நேரத்துல டி.வி. எரியும், படம் வராது. மாசச் சந்தாவே வேண்டாம்னா 2004-ல ஆரம்பிச்ச தூர்தர்ஷனோட ‘ஃப்ரீ டிஷ்’ இருக்கு. ஆனா, தனியார் தமிழ்ச் சேனல்களை அதுல ரொம்ப எதிர்பார்க்காதீங்க.

கேபிளை நிறுத்தும்போது செட் டாப் பாக்ஸ் யாருடையதுன்னு கேளுங்க. டெபாசிட் கொடுத்து வாங்கியிருந்தா ரசீதைத் தேடி எடுத்து, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு பணத்தைக் கேளுங்க. சொந்தப் பெட்டின்னா பரண்ல பத்திரமா வைங்க. ஆறு மாசம் கழிச்சு மனசு மாறினா உதவும்.

எங்க வீட்ல என்ன பண்ணினோம்னு கேட்கிறீங்களா? ஹால் டி.வி. ஆப்புக்கு மாறிடுச்சு. கேபிள் பெட்டி, குறைஞ்ச பேக்கோட, பாட்டி ரூம்ல இருக்கிற சின்ன டி.வி-க்குப் போயிடுச்சு. நம்பரும் மாறலை, ரிமோட்டும் மாறலை. மாசச் செலவு முன்னைவிட நூத்துச் சொச்சம் கூடுதல்தான். அப்பா அதைப் பத்திப் பேச்சே எடுக்கலை. இதுல ஒரே ஒரு தொல்லை, மேட்ச் நாள்லதான். ஹால்ல நாங்க ஆப்ல பார்த்துட்டு இருப்போம். ரூம்ல பாட்டி கேபிள்ல பார்ப்பாங்க. எங்க ஸ்க்ரீன்ல பௌலர் இன்னும் பந்தைத் துடைச்சுட்டே இருப்பான், ரூம்ல இருந்து ‘அடப்பாவி, போல்டு ஆயிட்டானே!’ன்னு குரல் வரும். இப்போ எல்லாம் டாஸ் போட்டதுமே பாட்டி ரூம் கதவைச் சாத்திடறோம்.